கோடிங் வகுப்புக்கு எதை வாங்குவது?

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, 2003இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு சிறிய தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. "சார், வர்ற வருஷம் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் கோடிங் கிளாஸ் உண்டாம். கம்ப்யூட்டருக்குத் தனியா ஆள் இல்ல, நீங்களே பாத்துக்கோங்கன்னுட்டாங்க. மூணு கம்பெனிக்காரங்க வந்து காட்டிட்டுப் போயிருக்காங்க. எதை எடுக்கலாம்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நான் சொல்லணும் சார்" என்றாள்.

விலை கேட்டேன். மூன்றில் குறைந்ததே ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 1,800 ரூபாய். பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுவார்களாம். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் லாரி ஓட்டுபவர், தையல் வேலை பார்ப்பவர், பெட்டிக்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் 3,600.

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே கோடிங் என்று சொன்னது. அதிலிருந்து விற்க வருபவர்களுக்குக் குறைவில்லை. நான் அவளிடம் பெயர் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பாதி வகுப்பில் அது நின்றுபோனால், ஏன் நின்றது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியுமா?"

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. பட்ட பாடு.

2006 வாக்கில் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் கணக்கு வாத்தியார் தலையில் விழுந்தது. பாடத்தில் சி++. நீலத் திரை. புத்தகத்தில் இருந்த புரோகிராம்களை நான் கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வார்கள். மாதிரி செய்முறைத் தேர்வில் ஒரு பையன் முழு புரோகிராமையும் அடித்துவிட்டான். ஓடவில்லை. பன்னிரண்டாவது வரியில் பிழை என்று காட்டியது. அவனும் நானும் அந்த வரியையே பத்து நிமிடம் பார்த்தோம். அதில் ஒரு தப்பும் இல்லை. அவன் சட்டை வேர்த்து நனைந்துவிட்டது. "கவனமா அடிக்க மாட்டியா" என்று திட்டி உட்காரவைத்தேன்.

தப்பு பதினோராவது வரியில் இருந்தது. முடிவில் வைக்க வேண்டிய அரைப்புள்ளி இல்லை. அதை வைக்காவிட்டால் கம்ப்யூட்டருக்கு அடுத்த வரி வந்த பிறகுதான் தெரியும், அங்கேதான் பிழை என்று காட்டும். இது எனக்குத் தெரிய வந்தபோது அந்த வருடமே முடிந்திருந்தது. அந்தப் பையன் இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, அன்றைக்குத் தெரியாமல் நின்றவன் நான். திட்டு வாங்கியவன் நீ. மன்னித்துவிடு.

ஆகவே என் கருத்து இதுதான். பிள்ளைகளுக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஆசிரியரைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து தட்டிப் பார்த்து, தப்பு செய்து, தானே திருத்திப் பழகக்கூடியதாக அது இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அவளுக்கு நான் சொன்னது, ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இலவசம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடொன்று பொருத்த வேண்டியதுதான். அரைப்புள்ளித் தொல்லை கிடையாது. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். ஆனால் இப்போதைய பதிப்புக்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும். ஆய்வகத்தில் இருப்பது அதைவிடப் பழசு என்றால் ஸ்க்ராட்சின் பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் வீட்டு லேப்டாப்பில் பார்த்து முடிவு செய்யாதே, பள்ளியில் இருப்பதிலேயே மோசமான கம்ப்யூட்டரில் போட்டுப் பார் என்றேன்.

எட்டாம் வகுப்புக்குப் பைத்தான். அதுவும் இலவசம். அதோடு 'ஆமை' ஒன்றும் சேர்ந்தே வரும். 1967இல் உருவான லோகோ என்ற மொழியின் வழியில் வந்த ஆமை இது. முன்னால் 100 போ, வலது பக்கம் 90 பாகை திரும்பு என்று நான்கு முறை சொன்னால் சதுரம் போடும்.

முக்கோணம் போடச் சொல்லிப் பாருங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த பிள்ளை, 60 பாகை திரும்பச் சொல்லும். மூன்று கோடு போட்ட பிறகும் முக்கோணம் மூடாது. அறுகோணத்தின் பாதியாக நிற்கும். ஏன்? ஆமை திரும்புவது வெளிக்கோணம், 120. இந்தத் தப்பைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்கு விளங்கிவிடும். பிள்ளையும் தானே கண்டுபிடிக்கும். வெளிக்கோணம் பற்றி நான் பலகையில் முப்பது வருடம் கத்தியதை இந்த ஆமை ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

கம்பெனிக்காரர்கள் தருவதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடத்திட்டம் தயாராக இருக்கும், பயிற்சி தருவார்கள், யார் எத்தனை பாடம் முடித்தார்கள் என்று பட்டியல் வரும். புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு அது பெரிய துணைதான். இலவசக் கருவியில் அந்த வேலை முழுவதும் ஆசிரியர் தலையில் விழும். அவளுக்கு ஏற்கெனவே வாரத்துக்கு 32 பீரியட். அதனால் நிர்வாகத்திடம் கருவிக்குப் பணம் கேட்காதே, தயார் செய்ய வாரத்துக்கு இரண்டு பீரியட் கேள் என்றேன். பெற்றோரிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பணம் ஆசிரியரின் நேரத்துக்குப் போகட்டும். அது பள்ளியிலேயே தங்கும்.

வியாழக்கிழமை மறுபடி பேசினாள். ஆய்வகத்தில் ஸ்க்ராட்ச் ஓடுகிறதாம். ஆனால் தாளாளர், "இலவசம்னா தரம் இருக்குமாம்மா?" என்று கேட்டாராம். இதை எழுதும்வரை முடிவு தெரியவில்லை.

பெற்றோராக இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் கோடிங்குக்குப் பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இணையம் இல்லாத நாளில் வகுப்பு நடக்குமா? பிள்ளையின் பெயரும் நம் போன் நம்பரும் யாரிடம் போகிறது? அடுத்த வருடம் சந்தா கட்டாவிட்டால் பிள்ளை செய்து வைத்ததெல்லாம் திறக்குமா?

பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, ஊர்ப் பள்ளிக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா சார் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். நல்ல மனசு. அதைவிட, ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளி ஆசிரியரோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் தயங்கித் தயங்கிக் கேட்க முடியாத கேள்விகளை உங்களிடம் கேட்கட்டும். 2006இல் எனக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் அந்தப் பையன் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.

யார் யார் வருவீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்