பி.டி. வாத்தியாருக்கு என்ன வழி?

சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கினார். தமிழகத்துக்கென 2005 முதல் தனி விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இயங்குகிறது. படிக்க இடம் உண்டு. படித்து முடித்தவருக்குத்தான் வேலை குதிரைக்கொம்பு.

சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு உடற்கல்விக்குப் 'பகுதிநேர' பயிற்றுநர் என்றே சொல்கிறது. தமிழக அரசு 2012-இல் அப்படி நியமித்தவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் பத்தாண்டுக்கும் மேலாகப் போராடியிருக்கிறார்கள்.

வேலை கிடைத்தாலும் நிம்மதியில்லை. காலை வணக்கத்தில் வரிசையைச் சரிசெய்வது, தாமதமாக வருபவரை வாசலில் நிறுத்துவது, ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் புதியவர் தலையில்தான். பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மைதானத்தில் எஞ்சுவது காற்றிறங்கிய இரண்டு வாலிபால்கள்.

எம்.பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் ஆகலாம். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தால் பயிற்சியாளர் ஆகலாம். இந்த வழிகளைக் கல்லூரியே இறுதியாண்டில் விளக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று: காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்புவது, முதலாண்டில் புதியவருக்கு அனுபவமுள்ள உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகத் தருவது, விளையாட்டுப் பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்கத் தடை விதிப்பது. மூன்றாவதற்குப் பணம்கூடத் தேவையில்லை.