தாயின் கையில் ஐந்து ஷில்லிங்

"வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, இன்னும் எதற்குக் கூலி உயர்வு?" அருப்புக்கோட்டை ஆலை வாசலிலும் திருச்சுழி புஞ்சை வரப்பிலும் இந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைக் காட்டி முதலாளிமார் பேசும் பேச்சு இது. இதற்கு விடை சொல்ல, பிரிட்டனில் நடந்த சங்கதி ஒன்றைத் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது.

எலினார் ராத்போன் என்ற அம்மையார் 1929 முதல் 1946இல் இறக்கும் வரை பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சுயேச்சை உறுப்பினர். நம் கட்சிக்காரர் அல்ல. லிவர்பூல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் துறைமுகக் கூலிகளின் அடுப்படி நிலையை ஆராய்ந்து எழுதியவர். முதல் உலகப் போரில் படைக்குப் போனவர்களின் மனைவியருக்கு, பிள்ளைகளின் கணக்குப்படி அரசு படி கொடுத்தது. லிவர்பூலில் அதைப் பட்டுவாடா செய்யும் வேலையில் இருந்த அம்மையார், பணம் நேராகத் தாயின் கைக்கு வந்தால் பிள்ளையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்று கண்டார். அன்றிலிருந்து இதற்காகவே வாதாடினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை பிள்ளைக்கு வாரம் எட்டு ஷில்லிங் என்று சிபாரிசு செய்தது. 1945இல் வந்த மசோதாவோ அதை ஐந்தாக வெட்டியது. முதல் பிள்ளைக்கு இல்லை என்றது. பணம் தகப்பனுக்கே உரியது என்றும் எழுதியது. தாய்க்கு இல்லையென்றால், தாம் பாடுபட்ட மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்றார் அம்மையார். அரசு இறங்கி வந்தது. 1946 ஆகஸ்டில் முதல் பணம் தாய்மார் கைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த ஜனவரியிலேயே காலமானார்.

ஆனால், இந்தப் படியைக் காட்டி முதலாளிகள் கூலியை அமுக்குவார்கள் என்று அங்கே தொழிற்சங்கத்தார் பலர் வெகுகாலம் அஞ்சினார்கள். அந்த அச்சம் வீண் அல்ல. இங்கே நம் காதில் விழும் பேச்சே சாட்சி.

இன்னொன்றையும் மறக்கலாகாது. லண்டனில் வெண்ணெயை அளந்து பங்கிட்ட அதே சாம்ராஜ்யத்தின் கீழ்தான் 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் பசியில் மாண்டனர். அடிமை நாட்டுத் தாய்க்கு ஷில்லிங்கும் இல்லை, அரிசியும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் ஆயிரம் என்பது நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய். அது பிள்ளை வளர்க்கும் தாயின் பாட்டுக்குச் சமுதாயம் தரும் பங்கு. கூலியோ கதிரடியில் நிற்பவளின், களை பறிப்பவளின் வியர்வைக்கு விலை. முன்னதை அரசு தருகிறது. பின்னதை முதலாளி தர வேண்டும். அரசு தருவதைக் காட்டி முதலாளி தன் கடனைக் கழித்துக்கொள்ள என்ன நியாயம்?

ஆகவே தாய்மார்களே, உரிமைத் தொகையை யாரும் போட்ட பிச்சையாக நினைத்துத் தலைகுனிய வேண்டாம். தோழர்களே, அதைக் காட்டிக் கூலியில் ஒரு காசு குறைக்கவும் விட வேண்டாம். சங்கத்தில் சேர்ந்து நின்று இரண்டையும் காப்போம்!