2,400 ரூபாய்க் கத்தி தேவையா?

கேள்வி: ‘‘எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம். ஆவக்காய், மாங்காய்த் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய் போட்டு அரூர் சுற்று வட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஜப்பான் எஃகில் செய்தது என்று ஒரு கத்தியை 2,400 ரூபாய் விலை சொல்லிக் காட்டினார்கள். தக்காளியும் காகிதமும் தொட்டதும் அறுந்தன. குழுக் கடன் எடுத்து ஆளுக்கு ஒன்று வாங்கலாம் என்கிறார்கள் சிலர். பட்டறையில் அடித்த கத்தியே போதும் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?’’

- மகளிர் குழு உறுப்பினர், அரூர், தருமபுரி மாவட்டம்.

பதில்: முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஆளுக்கு ஒன்று என்றால் 12 கத்திக்கு 28,800 ரூபாய். கடன் என்பதால் அதற்கு மேல் வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்கு உதவியது. சிறுகச் சிறுகச் சேர்த்த குழுப் பணம், மாங்காய் விலை திடீரென ஏறும்போதும், கடைக்காரர் பாக்கியை இழுத்தடிக்கும்போதும் கைகொடுக்க வேண்டிய பணம். அதைக் கத்தியில் போடும் முன், அந்தக் கத்தி ஊறுகாய் வேலைக்கு ஏற்றதா என்று பார்த்துவிட வேண்டும்.

விலை எதற்கு?

விலை கூடிய கத்தி எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. எஃகு என்பது இரும்பில் சிறிதளவு கரி சேர்ந்தது. கரி கூடி, சரியாகச் சூடேற்றிக் குளிரவைத்தால் விளிம்பு கடினமாகும். கடினமான விளிம்பு மெல்லியதாக நிற்கும், சீக்கிரம் மழுங்காது. இந்தக் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண எவர்சில்வர் கத்தி சுமார் 52 முதல் 54 வரை இருக்கும். ஜெர்மனிக் கத்திகள் 56-ஐ ஒட்டியும், நல்ல ஜப்பான் கத்திகள் 60-ம் அதற்கு மேலும் இருக்கும்.

கூடுதல் விலையில் ஒரு பங்கு இந்த எஃகுக்குப் போகிறது. மீதி பிடிக்கும், பெட்டிக்கும், பெயருக்கும் போகிறது. கத்தியின் பக்கவாட்டில் அலை அலையாகத் தெரியும் கோலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பல மலிவான கத்திகளில் அது மேலே அச்சடித்த கோலம்தான். கோலம் உண்மையாகவே இருந்தாலும் நறுக்குவது விளிம்புதான்.

கொட்டையில் உடையும்

கடினத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கடினமாக ஆக ஆக எஃகு நொறுங்கும் தன்மை பெறும். ஜப்பான் வகைக் கத்தி மீன் துண்டத்தையும் காய்கறியையும் மெல்லிசாகச் சீவுவதற்குச் செய்யப்பட்டது. ஆவக்காய்க்கு மாங்காயைக் கொட்டையின் ஓட்டோடு சேர்த்துப் பிளக்க வேண்டும். அந்த மெல்லிய விளிம்பு ஓட்டில் பட்டால் அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்த சில்லு ஊறுகாய்க்குள் போனால் கத்தி வீணானதைவிடப் பெரிய இழப்பு அது. தேங்காய், எலும்பு, பனங்கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தக்காளியையும் காகிதத்தையும் வெட்டிக் காட்டியதை வைத்து முடிவெடுக்க முடியாது. புதிதாகத் தீட்டிய எந்தக் கத்தியும் அதைச் செய்யும். விற்பவரிடம் ஒரு மாங்காயைக் கொட்டையோடு பிளந்து காட்டச் சொல்லலாம். பெரும்பாலும் தயங்குவார்.

பட்டறைக் கத்தி

நம் பக்கத்துப் பட்டறைகளில் கொடுவாளும் கத்தியும் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையில்தான் அடிக்கிறார்கள். அந்தப் பட்டை எஃகில் கரி அரை சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். ஜெர்மனிக் கத்திகளில் பரவலாகப் பயன்படும் எஃகிலும் கரி ஏறக்குறைய அதே அளவுதான். அதில் கூடுதலாக 14, 15 சதவிகிதம் குரோமியம் இருப்பதால் துரு ஏறுவதில்லை. வித்தியாசம் முக்கியமாக அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டுப் பெயரைக் கேட்டு நம் இரும்பைக் குறைவாக நினைக்கவும் வேண்டியதில்லை. அரூரை அடுத்த தீர்த்தமலைப் பகுதி, கஞ்சமலையைப் போலவே இரும்புத் தாது உள்ள பகுதி. பழைய சேலம் மாவட்டத்துத் தாதுவை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார்.

பட்டறைக் கத்தி எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது பதம் போடும் கையைப் பொறுத்தது. சிவக்கக் காய்ச்சித் தோய்க்கும் பக்குவம் தவறினால் விளிம்பு மடங்கும், அல்லது உடையும். அதனால் தெரிந்த பட்டறையில், மாங்காய் பிளக்க என்று சொல்லியே அடித்து வாங்க வேண்டும். மாங்காய் பிளப்பதற்குக் கனமான கத்தி, தோலும் காயும் சீவுவதற்கு மெல்லிய கத்தி என்று இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. மாங்காய்ப் புளிப்பும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சாதாரண இரும்பைக் கறுக்க வைக்கும். காயிலும் கறை ஏறும், இரும்பு வாடை வரும். விற்பனைக்கு உணவு தயாரிக்கும் இடத்தில் கருவிகள் அரிக்காத, துருப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதியும்கூட. ஆகவே சீவுவதற்கும் நறுக்குவதற்கும் எவர்சில்வர் கத்தியே சரி. பிளக்கும் கத்திக்கும் துருப்பிடிக்காத எஃகில் கிடைக்கும் கனமான கத்தியே முதல் தேர்வு. அது கிடைக்கும் வரை பட்டறைக் கத்தியில் பிளப்பவர்கள், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

கல்லுக்குச் செலவழியுங்கள்

ஆட்டுக்கறிக் கடையைக் கவனித்தால் ஒன்று புரியும். காலையிலிருந்து மதியம் வரை வெட்டுகிறவர் கையில் இருப்பது ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கத்தி அல்ல. ஆனால் அவர் நாலு வெட்டுக்கு ஒருமுறை கத்தியைக் கம்பியில் உரசிக்கொள்வார். அடியில் இருப்பது புளியங்கட்டை. கத்தி கூர்மையாக இருக்க இந்த இரண்டு பழக்கமும்தான் காரணம். தீட்டாத 2,400 ரூபாய்க் கத்தியைவிட, தீட்டிய சாதாரணக் கத்தி நன்றாக நறுக்கும்.

இரும்புக் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் தீட்டுக்கல் கிடைக்கும். குழுவுக்கு ஒன்று போதும். தீட்டும் முறை இதுதான்:

* கல்லைப் 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வைக்கவும்.
* கத்தியைக் கல்லின் மேல் நேராக நிறுத்தவும். அதில் பாதி சாய்க்கவும். மீண்டும் அதில் பாதி சாய்க்கவும். அதற்கும் கொஞ்சம் கீழே இறக்கினால் கிடைப்பதுதான் சரியான சாய்வு.
* அதே சாய்வில், பிடியருகிலிருந்து நுனி வரை கல்லில் பட உரசவும். மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை ஒரே பக்கம் தீட்டவும். பிறகு அடுத்த பக்கம்.
* நைசான பக்கத்தில் இருபுறமும் லேசாக உரசிப் பிசிறை எடுக்கவும். கூர்மையைக் காகிதத்தில் பார்க்கவும், விரலில் வேண்டாம்.

வாரம் ஒருமுறை இது போதும். நடுவில் மழுங்கினால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு ஏறாத வளையத்தில் நாலைந்து முறை உரசலாம். அம்மிக்கல்லில் தீட்டக் கூடாது. விளிம்பு கரடாகும், அரைக்கும் கல்லில் இரும்புத் தூள் தங்கும்.

தெருவில் சாணை பிடிக்கக் கொடுத்தால் அருகிலேயே நிற்பது நல்லது. தண்ணீர் தொடாமல் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலமாகும். நீலமான இடத்தில் எஃகு பதம் இழந்துவிட்டது என்று பொருள். அடுப்பு நெருப்பில் கத்தியைக் காட்டினாலும் இதேதான் நடக்கும். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் ஒரே நாளில் கூர் போகும். மரப்பலகையே நல்லது.

மழுங்கிய கத்தியைச் சகித்துக்கொள்ளவும் கூடாது. அழுத்தி வெட்டும்போதுதான் கத்தி வழுக்கிக் கையில் இறங்கும். உப்பும் மிளகாயும் அளையும் கைக்கு ஒரு வெட்டுக்காயம் என்றால் பல நாள் கூலி போகும்.

யாருக்கு விலை கூடிய கத்தி?

தினமும் பல மணி நேரம் காய் நறுக்கும், தீட்டவும் தெரிந்த சமையல்காரருக்கு அது பயன்படும். மா ஒட்டுக்கட்டும் நாற்றங்கால்காரர்கள் நல்ல ஒட்டுக் கத்திக்குக் கூடுதல் விலை கொடுப்பதிலும் நியாயம் உண்டு. வெட்டு பிசிறினால் ஒட்டு சேராது, செடி போய்விடும். ஊறுகாய்க் குழுவுக்கு அந்த நிலை இல்லை.

குழு செய்ய வேண்டியது இதுதான். இப்போதுள்ள கத்திகளை ஒரு வாரம் முறையாகத் தீட்டி வேலை செய்து பார்க்கவும். தேய்ந்துபோனவற்றுக்குப் பதிலாக, தகடு பிடியின் கடைசி வரை ஓடி ஆணி அறைந்த எவர்சில்வர் கத்திகளையும், பிளப்பதற்குக் கனமான கத்தி இரண்டையும், ஒரு தீட்டுக்கல்லையும் வாங்கவும். தீட்டும் வேலையை ஒருவர் பொறுப்பில் விடவும். இதற்குக் கடன் தேவைப்படாது. அதற்குப் பிறகும் அந்த 2,400 ரூபாய்க் கத்தி மேல் ஆசை இருந்தால், 12 வேண்டாம். ஒன்று மட்டும் வாங்கி, தொக்குக்கு நறுக்கக் கொடுத்து, ஒரு மாங்காய்ப் பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.