சளி சொல்வதை இரத்தம் சொல்லுமா?

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிக்கிறது. மாலை வேளையில் காய்ச்சல் காண்கிறது. உடல் மெலிந்து பசி குன்றுகிறது. இவ்வறிகுறிகளைக் கண்டதும் வீட்டிலுள்ளோர் டி.பி. எனப்படும் காசநோயோ என ஐயுறுவது இயல்பு. "இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று சிலர் கூறுவர். சர்க்கரை நோயையும் மஞ்சள் காமாலையையும் காட்டித்தரும் இரத்தம், நுரையீரல் காசநோயை மட்டும் காட்டாதா? காட்டாது என்பதே மருத்துவ அறிவியலின் விடை.

காரணம் எளிது. கிருமி உடலில் புகுந்ததும் அதனை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டால் நோய் உண்டு எனக் கொள்ளலாம் என்பதே முன்னாளில் விற்கப்பட்ட இரத்தச் சோதனைகளின் அடிப்படை. ஆனால் நம் நாட்டில் கோடிக்கணக்கானோர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் நோயுறுவதில்லை. எனவே நலமாயிருப்பவருக்கு நோய் உண்டு என்றும், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிக்கு நோய் இல்லை என்றும் அச்சோதனைகள் தவறாகக் கூறின. முன்னவர் வீணே ஆறு மாதம் மருந்துண்டார். பின்னவரோ மருந்தின்றி நலிந்து, தம் வீட்டாருக்கும் நோயைப் பரப்பினார்.

94 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்த உலக சுகாதார நிறுவனம், 2011 ஜூலையில் இச்சோதனைகளைக் கைவிடுமாறு அறிவித்தது. அக்காலத்தில் உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் இவ்வாறு செய்யப்பட்டு வந்தன. இந்திய அரசு 2012 ஜூனில் இவற்றைத் தடை செய்தது.

இக்ரா என்னும் வேறொரு இரத்தச் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. கிருமி உடலில் புகுந்துள்ளதா என்பதை அது கூறும்; அது உறங்குகிறதா, நோயாக மாறிவிட்டதா என்பதைக் கூறாது. நோயாளியுடன் வாழ்வோருக்குத் தடுப்பு மருந்து தேவையா என முடிவு செய்ய அது உதவும்.

நுரையீரலில் வாழும் கிருமியைச் சளியில் தேடுவதே முறை. இராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று இக்கிருமியை உலகுக்கு அறிவித்த நாள் முதல், நுண்ணோக்கி இப்பணியைச் செய்து வருகிறது. எனினும், ஒரு மில்லிலிட்டர் சளியில் சில ஆயிரம் கிருமிகளேனும் இருந்தால்தான் அதில் தென்படும். ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் ஆகிய புதிய கருவிகள் கிருமியின் மரபணுவையே தேடுவதால் குறைந்த கிருமிகளையும் கண்டுபிடிக்கின்றன. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அவற்றால் அறியலாம். மார்பு எக்ஸ்ரே இதற்குத் துணைநிற்கும்.

சளி கொடுப்பதிலும் கவனம் வேண்டும். காலையில் வெறும் நீரால் வாய் கொப்பளித்து, காற்றோட்டமான இடத்தில் நின்று, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிச் சளியை வெளிக்கொணருங்கள். உமிழ்நீரைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை.

மருத்துவர் சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். உடனிருக்கும் பிற நோய்களை அறியவே அவை தேவைப்படுகின்றன. ஆனால் இரத்தத்தை மட்டும் பார்த்து எவரேனும் காசநோய் உண்டென்றோ இல்லையென்றோ கூறினால், "சளியைச் சோதிக்க வேண்டாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையும் மருந்தும் இலவசம்.