நேரமில்லாத இலக்கம்

மாரி தொடங்கினால் எங்கட வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். குளத்து அளவுகோல், பாதி தண்ணிக்குள்ள. கீழே ஒரு வரி: "இப்ப 33 அடி 6 அங்குலம். எல்லாருக்கும் பகிரவும்." இந்த "இப்ப" எப்ப? விடியப்புறமா, நேற்றுப் பின்னேரமா, போன வருசமா? பத்துக் குழு தாண்டி வந்த படத்துக்கு நேரமும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் ஒரு வீட்டில் நெல்மூட்டையை உயர்த்தி வைக்கினம், பக்கத்து வீட்டில் போர்த்துக்கொண்டு படுக்கினம்.

இதுக்கு எங்கட தலைமுறை சொல்லுற ஒரே மருந்து: "ஒரு ஆப் செய்வம்." போட்டி நடக்கும், பரிசு குடுப்பினம், நாடா வெட்டிப் படம் எடுப்பினம். அடுத்த மாரிக்குத் திறந்து பார்த்தால் வெறும் திரை. நாங்கள் ஆப்புக்கு எதிரிகள் இல்லை. அத்திவாரம் இல்லாமல் கூரை போடுறதுக்குத்தான் எதிரிகள். அந்த அத்திவாரத்துக்குப் பெயர் காலத்தொடர்த் தரவுத்தளம்.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இது என்னத்துக்கு என்று கேட்கலாம். திகதி இல்லாத ஒரு கல்வெட்டை வைத்து எத்தனை வருசம் சண்டை பிடிக்கலாம் என்று படிக்கிறது நாங்கள்தானே.

விசயம் சிக்கலில்லை. சாதாரண அட்டவணையில் "நீர்மட்டம்" என்றொரு கட்டம் இருக்கும். காலையில் 32 என்று எழுதுவம், பின்னேரம் அதை அழித்து 33 என்று எழுதுவம். காலை தொலைந்துபோகும். காலத்தொடர்த் தரவுத்தளத்தில் பொதுவாக அழிக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு அளவும் தன் நேரத்தோடு கடைசியில் போய்ச் சேரும். நேரப்படி துண்டு துண்டாக அடுக்கியிருப்பதால் "கடைசி மூன்று மணித்தியாலத்தில் எவ்வளவு ஏறினது?" என்ற கேள்விக்குக் கண்மூடித் திறக்க முதல் மறுமொழி வரும். நிகழ்நேரச் செயலி ஒன்றுக்கு உயிரே இந்தக் கேள்விதான். 33 அடி 6 அங்குலம் என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. மூன்று மணித்தியாலத்துக்கு முதல் 32 அடி என்றால் சனத்தை எழுப்ப வேணும். நேற்று 34 அடி என்றால் படுக்கலாம்.

செலவு என்று சாட்டுச் சொல்லவும் ஏலாது. இன்ஃப்ளக்ஸ்டிபியும், போஸ்ட்கிரெஸ் மேல் ஓடுகிற டைம்ஸ்கேல்டிபியும் இலவசப் பதிப்பாகவே கிடைக்குது. கணக்கைப் பாருங்கோ. 15 நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் நாளுக்கு 96, வருசத்துக்கு 35,040. நேரத்துக்கு 8 பைட், அளவுக்கு 8 பைட் என்று வைத்தாலும் ஒரு குளத்தின் முழு வருசம் 560 கிலோபைட்டுக்குக் கிட்ட. அளவுகோலைப் போனில் எடுத்த அந்த ஒற்றைப் படம் அநேகமாக இதைவிடப் பெரிசு. 2015 இல் பேஸ்புக் பொறியியலாளர்கள் வெளியிட்ட கொரில்லா என்ற ஆய்வுக் கட்டுரையில், அந்த 16 பைட்டைச் சராசரியாக 1.37 பைட்டுக்குச் சுருக்கிக் காட்டினார்கள். அடுத்தடுத்த நேரங்களுக்கும் அடுத்தடுத்த அளவுகளுக்கும் இடையில் வித்தியாசம் சின்னது, அதை மட்டும் எழுதினால் போதும் என்பதுதான் சூட்சுமம்.

வன்னியில் இது விளையாட்டில்லை. 2018 டிசம்பர் 21, 22 இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இரணைமடுவின் வான்கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டன என்று குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை வரை போனது. ஆர் சரி, ஆர் பிழை என்று நாங்கள் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாக்குவாதம் முழுக்க நேரத்தைப் பற்றியது: எத்தனை மணிக்குத் தண்ணி எவ்வளவு, எத்தனை மணிக்கு எந்தக் கதவு. 15 நிமிடத்துக்கு ஒரு அளவு எல்லாரும் பார்க்கக் கூடியதாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அண்டைக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தீர்த்திருக்கும். யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணி குடுக்கிறதா என்ற சண்டையும் இதே சாதிதான். எத்தனை வருசம் குளம் நிரம்பினது, எவ்வளவு கடலுக்குப் போனது என்று கமக்காரரும் அதிகாரிகளும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கணக்கு வைத்திருக்கிறவை கையில் முடிவும் இருக்கும்.

சரி, இரணைமடு பெரிய குளம், அதுக்குப் பொறியியலாளர் இருக்கினம். ஜெயபுரம்? பூநகரிப் பிரதேசத்தில், ஏ-32 வீதிப் பக்கம், சின்னக் குளங்களையும் மானாவாரி வயல்களையும் நம்பியிருக்கிற இடம். 80 ஹெக்டயருக்குக் குறைய நீர் பாய்ச்சுற குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இந்தச் சின்னக் குளங்களின் தண்ணிக் கதை பெரும்பாலும் கமக்கார அமைப்பில் இருக்கிற ஒரு வயசான ஐயாவின் தலைக்குள்ளதான் இருக்குது. எந்த வருசம் கார்த்திகையில் வான் பாய்ந்தது, எந்த வருசம் சிறுபோகத்துக்குத் துருசு திறக்கவே இல்லை என்று அவர் ஒப்புவிப்பார். அவர் போனால் அந்தத் தரவுத்தளமும் போச்சு.

"ஜெயபுரத்தில் சிக்னலே ஒழுங்கா இல்லை, பிறகென்ன நிகழ்நேரம்" என்று சிரிக்கிறவைக்கும் மறுமொழி இருக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோட நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் விழுந்தது. அப்படியான இரவில் குளத்தடிக் கருவி அளந்துகொண்டே இருக்கும், அனுப்ப வழி இருக்காது. விடிய வழி திறந்ததும் முழு இரவையும் ஒரேயடியாக அனுப்பும். நல்ல காலத்தொடர்த் தரவுத்தளம் அளந்த நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் குழப்பாது, பிந்தி வந்ததை அதனதன் இடத்தில் செருகும். செயலியைச் செய்யிறவர் இன்னொன்றும் செய்ய வேணும். கடைசி அளவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பழசென்றால் திரையில் பெரிசாகத் "தெரியாது" என்று போட வேணும். பழைய இலக்கத்தைப் பச்சை நிறத்தில் "இப்ப" என்று காட்டுற ஆப், ஆப் இல்லாததைவிட மோசம். பட்டன் போன் வைத்திருக்கிற ஆச்சிக்கு எஸ்.எம்.எஸ் போகட்டும், கோயில் ஒலிபெருக்கியில் சொல்லட்டும். அது கடைசி முழம்தான்.

நேரம் என்றவுடன் வன்னிக்கென்று ஒரு தனிக் கதை இருக்கு. 1996 இல் மின்தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே வருசம் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம். ஆகவே 2001 ஆம் ஆண்டு ஜெயபுரத்து மழைக் கொப்பி ஒன்று எங்கேயாவது தப்பியிருந்து, அதை நாங்கள் "கொழும்பு நேரம்" என்று கணினியில் ஏற்றினால், ஒவ்வொரு வரியும் அரை மணித்தியாலம் பிழைக்கும். கொழும்பில் இருந்து ஆப் செய்யிறவருக்கு இது தெரிய நியாயமில்லை. எங்களுக்குத் தெரிய வேணும்.

சேமிக்கிறதிலும் ஒரு பொறி இருக்கு. இடம் மிச்சம் பிடிக்க என்று பழைய தரவை நாளுக்கு ஒரு சராசரியாக மாற்றுறது இந்தத் துறையில் வழமை. இராத்திரி இரண்டு மணித்தியாலம் ஏறி இறங்கின வெள்ளம் சராசரியில் காணாமல் போகும். இதைக் கவனமில்லாமல் ஆரும் செய்யலாம், வேணுமென்றும் செய்யலாம். ஒரு குளத்தின் பத்து வருசமே 6 மெகாபைட்டுக்குள் அடங்குகிறபோது அழிக்க ஒரு நியாயமும் இல்லை.

அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆறுகளின் நீர்மட்டத்தை நேரம் போட்டு வெளியிடுது. நல்லது. ஆனால் பிடிஎஃப் அட்டவணையாக. கணினி வாசிக்க வேண்டியதைக் கண் வாசிக்கிற மாதிரித் தந்தால், ஒவ்வொரு தன்னார்வலரும் அதைப் பிய்த்துப் பிய்த்துத் திரும்ப இலக்கமாக்க வேண்டியிருக்கு. திணைக்களங்களிடம் புது ஆப் கேட்காதேங்கோ. அளந்ததை, அளந்த நேரத்தோடு, கணினி வாசிக்கிற வடிவத்தில், அழிக்காமல், எல்லாருக்கும் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. சின்னக் குளங்களையும் சேர்த்து.

அதுவரைக்கும், இந்த மாரியில் அளவுகோலைப் படம் எடுத்து அனுப்புறவை நேரத்தையும் திகதியையும் படத்துக்கு மேலேயே எழுதுங்கோ. இலக்கத்தை ஏற்றுறவை 33 அடி 6 அங்குலத்தை 33.6 என்று அடிக்காதேங்கோ. அது 33.5.