காற்று எங்களுடையது, தொழிற்சாலை எங்கே?

மன்னார் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ திட்டத்தின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. கொள்ளளவு 103.5 மெகாவாற்று. அங்கு பிறக்கும் மின்சாரம் தேசிய மின்கட்டமைப்பில் கலக்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்கு முன்வந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர்.

காணி, மீன்பிடி, வெள்ளம், பறவைகள், ஓர் அலகின் விலை என்பவற்றைச் சுற்றியே விவாதம் நடந்தது. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: இந்தக் காற்றைக் கொண்டு வடக்கில் எந்தத் தொழிற்சாலையை இயக்கப் போகிறோம்?

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஆனையிறவு உப்பை மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரீனும் தயாரித்த அரச தொழிற்சாலை அது. போர் அதை இடிபாடாக்கியது. அதை மீள இயக்குவது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது.

இந்தத் தொழிலுக்கு உப்பைப் போலவே மின்சாரமும் மூலப்பொருள்தான். ஒரு தொன் எரிசோடாவுக்கு 2,000 அலகுக்கு மேல் வேண்டும். சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மன்னாரில் காற்று பலமாக இருக்கும். ஆனையிறவில் உப்பு விளைவதும் அந்த வறண்ட காலத்தில்தான்.

காற்று தணியும் மாதங்களில் என்ன செய்வது? ஆய்வு தேவைப்படுவது இங்கேதான். உப்பையும் எரிசோடாவையும் சேமித்து வைக்கலாம். குளோரீனைப் பெருமளவில் வைத்திருப்பது ஆபத்து. பாதரசம் பயன்படுத்தாத இன்றைய மென்சவ்வு மின்கலங்களின் உற்பத்தியை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். உபவிளைவாக வரும் ஐதரசனை எரிபொருளாக்கலாம். எவ்வளவு சூரியசக்தியும் மின்சேமிப்பும் சேர்த்தால் கட்டுப்படியாகும் என்பதை எங்கள் காலநிலையை அளந்துதான் சொல்ல முடியும்.

அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் பரந்தன் இருக்கும் அதே கிளிநொச்சி மாவட்டத்தில், அறிவியல்நகரில் இருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை நோர்வேயுடன் இணைந்து தூயசக்திக்கான நனோ பொருட்களை ஆய்வு செய்துள்ளது. ஆனால் படித்ததைப் பரீட்சிக்க அருகில் தொழிற்சாலை இல்லாததால், பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள்.

2030இல் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. அதற்கு வடக்கின் காற்று தேவை. ஆகவே மக்களின் சம்மதத்தோடு செய்யப்படும் எந்த ஒப்பந்தத்திலும் இரண்டு நிபந்தனைகளை எங்கள் பிரதிநிதிகள் எழுத்தில் கேட்க வேண்டும்: வருமானத்தில் ஒரு பங்கு உள்ளூர் ஆய்வுக்கு, மின்சாரத்தில் ஒரு பங்கு, கட்டுப்படியான விலையில், வடக்கின் தொழிற்சாலைகளுக்கு. இவை இல்லாவிட்டால் காணியைக் கொடுத்தவர்களாக மட்டுமே நாங்கள் மிஞ்சுவோம்.