கீற்றை யார் கண்டுபிடித்தார்?

ஜோர்ஜ் கீற் என்ற ஓவியரை வெளிநாட்டார்தான் உலகறியச் செய்தனர் என்று நம்மவர்கள் பெருமையோடு எழுதும்போதெல்லாம் எரிச்சலே மிஞ்சுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. கொழும்பில் சிலி நாட்டுக் கொன்சலாக இருந்த கவிஞர் பப்லோ நெரூடா 1930 அளவிலேயே அவரைப் போற்றினார். போர்க்காலத்தில் இங்கு வந்த ஆங்கிலேயர் மார்ட்டின் ரசல் அவரது ஓவியங்களைச் சேகரித்தார், நூலும் எழுதினார். ஆனால் 1950இல் அந்நூலை வெளியிட்டது லண்டன் அல்ல, பம்பாயின் 'மார்க்' நிறுவனம். லண்டன் கண்காட்சியோ 1954இல்தான்.

பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் கீற் புத்தரின் வாழ்வைத் தீட்டியது 1939-40இல். அங்கு கும்பிட வந்தவர்கள் எந்த விமர்சகரின் நற்சான்றிதழுக்காகக் காத்திருந்தார்கள்? 1943இல் '43 குழு'வைக் கூட்டிய லயனல் வென்ற் இந்த மண்ணில் பிறந்தவரல்லவா?

மேலை விமர்சகர்கள் அவரிடம் பிக்காசோவைத் தேடினார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த அளவுகோல். சீகிரியாவை அருகில் வைத்திருக்கும் நாம் (கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் கீற்றே) அதை இரவல் வாங்குவானேன்? கோதமி விகாரையின் வாசற்படியை மிதித்தறியாதவர்கள்தாம் அவரது ஓவியங்களின் ஏலவிலையை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.